ஈரம் காயாத கோடு

வீட்டில் வைத்து மோட்டார் சைக்கிள் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. ஹட்டனில் ஒரு தம்பி, கொத்மலைப் பக்கம் இரண்டு பேர், நுவரெலியாவில் ஒரு தங்கச்சி என்று போனில்தான் பழக்கம். கடைசியில் பளபளப்புக்கு அடிக்கும் கிளியரில் ஹார்டனர் எவ்வளவு கலப்பது, எந்த நம்பர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது, ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். அதெல்லாம் டின்னிலேயே எழுதியிருக்கிறது. எழுதாமல் விட்டதைப் பத்துப் பெட்ரோல் டாங்கி அடித்து முடிப்பதற்குள் உங்கள் கையே கற்றுக்கொண்டுவிடும்.

நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. முகத்தில் வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிளியர் அடித்தேன். இப்போது டவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேடு ஏறுவதற்குள் மூச்சு வாங்க மூன்று இடத்தில் நிற்கிறேன். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் முகமூடியில் பிடிக்காதீர்கள். நுணுக்கம் என்று நான் சொல்வது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது.

தலவாக்கலையிலிருந்து சற்று மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. அதன் பின்பக்கம் தகரம் இறக்கி, சுற்றிலும் பொலித்தீன் கட்டி, அதற்குள்தான் வேலை. டவுனில் நிஸாம் நானா என்று ஒருவர் பழைய பைக்குகளை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். பெயிண்ட், தின்னர் எல்லாம் அவர் கடையிலேயே கிடைக்கும். எனக்கு வந்த வேலையில் பாதி அவர் கொடுத்ததுதான். ஒரு முறை பழைய பைக் ஒன்றைக் கழற்றி, டாங்கி, மட்கார்ட், பக்க மூடிகள், ஸ்விங் ஆர்ம் எல்லாவற்றையும் உரச்சாக்கில் கட்டி அனுப்பினார். ஸ்விங் ஆர்ம் என்றால் உங்களுக்குத் தெரியும். பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் கை. பைக்கின் பின்னால் ஏற்றும் பாரம் எல்லாம் அதன் மேல்தான் இறங்கும்.

அந்த வாரம் முழுக்க மழை. மழை விட்டால் மூடுபனி. அந்த ஈரக்காற்றில் கிளியர் அடித்தால் பால் ஊற்றினது போல வெளுத்துப்போகும் என்பது இந்த மலையில் வேலை செய்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாங்கியை ஒரு தடவை அப்படிக் கெடுத்து, உரித்து, மறுபடி தொடங்கியிருந்தேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ விடியும்போது வானம் பளிச்சென்று இருந்தது. மதியத்துக்குள் பனி ஏறிவிடும். அதற்குள் எல்லாவற்றுக்கும் கறுப்பும் கிளியரும் அடித்துவிட வேண்டும் என்று ஓடினேன்.

ஸ்விங் ஆர்மைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து வெயிலில் வைத்தேன். எல்லா இடமும் காய்ந்தது. வெல்டிங் ஓரத்தில் மட்டும் தலைமுடி போல ஒரு கோடு ஈரமாக நின்றது. மறுபடி துடைத்தேன். காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதே கோட்டில் திரும்பவும் ஈரம் வந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் மாட்டவில்லை. பழைய கீறலாக இருக்கும், வெல்டிங் விட்ட தடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதைவிட அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி. பள்ளம் நிரப்பும் பட்டியைக் கொஞ்சம் எடுத்து அந்தக் கோட்டின் மேல் இழுத்து விட்டேன். பிறகு ப்ரைமர், கறுப்பு, கிளியர். பனி வருவதற்கு முன் எல்லாம் முடிந்தது. அன்றைக்கு அடித்த கிளியரைப் போல அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அமையவில்லை. ஸ்விங் ஆர்மில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

இரண்டு மாதம் போனது. வேறு ஒருவரின் பைக்கில் கால் வைக்கும் கம்பியைத் தாங்குகிற இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். துடைத்து வைத்தபோது அதிலும் ஒரு கோடு காயாமல் நின்றது. அன்றைக்கு எந்த அவசரமும் இல்லை. இரும்பைக் குறட்டில் பிடித்து லேசாக வளைத்தேன். கோடு வாய் திறந்தது. உள்ளே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. கீறலில் தண்ணீர் தங்காது, மேலோடு போய்விடும். விரிசலுக்குள் போன தண்ணீர்தான் துடைக்கத் துடைக்கக் கசியும்.

கையில் இருந்த துணியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் வெயிலில் வைத்த அந்த ஸ்விங் ஆர்ம்தான் கண் முன்னால் நின்றது.

அடுத்த நாள் நானாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. நீங்க பூசின அந்த பைக் கடைக்கு முன்னால ரெண்டு நாள் கூட நிக்கல்ல. டயகமவுல பால் சேக்கிற பிள்ள ஒண்டு, புஷ்பா எண்டு, வந்து பாத்த ஒடனே எடுத்துட்டுப் போயிட்டுது. ரெண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கிட்டு அதுலதான் ஓடுது."

நான் ஒரு போத்தல் தின்னர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் காரணங்கள் தேடினேன். வெல்டிங் தடமாகவே இருக்கலாம். இரண்டு மாதமாக ஒன்றும் ஆகவில்லையே. ஆகியிருந்தால் கேள்விப்பட்டிருப்போமே. வெளியே தெரிந்தால் நானாவின் வியாபாரத்துக்கும் கெட்ட பெயர், எனக்கும் கெட்ட பெயர். அதற்கடுத்த நாளும் போகவில்லை. டாங்கி ஒன்றை எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்க்க வேண்டிய அளவைத் தாண்டித் தேய்த்து, ஓரத்தில் இரும்பு தெரிந்துவிட்டது. என் மனைவி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்து, "என்னாங்க, ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்றாள். இல்லை என்றேன்.

அன்று மாலை அக்கரப்பத்தனைப் பக்கம் இருந்து வந்த ஒருவர், அங்கே ரோட்டில் ஒரு பைக் விழுந்து கிடந்ததாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். யார், என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். நானா அப்போதுதான் வாசல் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கையில் இருந்த பலகையைக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மூணு நாளா."

"முந்தா நாள் கடைக்கு வந்தீங்களே."

"அப்பயும் தெரியும் நானா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்துப் புஷ்பாவை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. கழற்றிய பலகைகளை மறுபடி மாட்டிப் பூட்டினார்.

"பைக் ஓட்டேக்க அந்தப் பிள்ள போன் எடுக்காது. ஏறுங்க, வேன் வெளியதான் ஈக்கு. ஒன்பது மணி போல மேல இருந்து பாலோட எறங்கும்."

லிந்துலை தாண்டினோம். ரோட்டில் பனி கிடந்தது. எதிரே வந்த ஒவ்வொரு பைக் வெளிச்சத்துக்கும் நான் முன்னால் குனிந்து பார்த்தேன். அக்கரப்பத்தனையில் நிறுத்தி, நேற்று விழுந்த பைக் யாருடையது என்று ஒரு கடையில் கேட்டார் நானா. தோட்டத்துக் கிளார்க் ஒருவருடையது, ஆளுக்குக் காயம் ஒன்றும் இல்லை என்றார்கள். என் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். புஷ்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், பைக்கைச் சும்மா ஒரு தடவை பார்க்க வந்தோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடலாமே, பட்டி வைத்ததைச் சொல்ல வேண்டியதில்லையே என்று நினைத்தேன்.

டயகமவுக்குப் போகிற ரோட்டில் ஒரு வளைவு தாண்டியதும் புஷ்பா வருவது தெரிந்தது. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மழைக் கோட்டு, தலைக்கவசம், இரண்டு பக்கமும் அலுமினியப் பால் கேன்கள். பின்னால் குறுக்கே இன்னும் ஒரு சின்னக் கேன். நான் கிளியர் அடித்த டாங்கி அந்தப் பனியிலும் மின்னிக்கொண்டு வந்தது. நானா விளக்கை அடித்து, வேனைப் பாதி ரோட்டை மறித்து நிறுத்தினார். புஷ்பா பிரேக் பிடித்தபோது பின்பக்கம் ஒரு பக்கமாக லேசாக ஆடியது.

"என்னா நானா, ரோட்ட மறிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் தலைக்கவசத்தைத் தூக்கியபடி.

நானா என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும்.

"தங்கச்சி, நாந்தான் இந்த பைக்குக்குப் பெயிண்ட் அடிச்சது. பின்னால இருக்கிற அந்தக் கையில ஒரு விரிசல் இருக்குன்னு நெனைக்கிறேன். இதுக்கு மேல ஓட்ட வேணாம். எறங்குங்க."

அவர் உடனே இறங்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"தெரிஞ்சா பூசுனீங்க?"

தெரியாது என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் அந்தக் கேன்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"சந்தேகம் இருந்துச்சு. பனி ஏறுறதுக்குள்ள முடிக்கணும்னு பாக்காம பட்டி வச்சி மூடிட்டேன்."

"அப்பவே சந்தேகமா?"

"அப்பவே. விரிசல்தான்னு மூணு நாளைக்கு முன்னால புரிஞ்சிச்சு. சொல்ல வர்றதுக்கு இன்னக்கித்தான் தைரியம் வந்துச்சு."

அவர் பைக்கை விட்டு இறங்கினார். ஸ்டாண்ட் போட்டார். குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நேத்து எம் மகள பின்னால ஒக்கார வச்சிக்கிட்டு கிளினிக் போயிட்டு வந்தேன்."

நானா தலையைக் குனிந்துகொண்டார். கீழே பள்ளத்தில் கொழுந்து எடுப்பவர்கள் பேசிக்கொள்வது பனிக்குள் இருந்து கேட்டது.

புஷ்பா கேன் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். "மொதல்ல பால ஏத்துங்க. பதினெட்டு வீட்டுப் பாலு. நேரத்துக்குப் போகலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. மத்தத அப்பறம் பேசுவோம்."

கேன்களை வேனில் ஏற்றி, அக்கரப்பத்தனையில் பால் சேர்க்கும் இடத்தில் இறக்கினோம். அவர் பால் அளந்து எழுதி முடிக்கும் வரை நானாவும் நானும் வெளியே நின்றோம். திரும்பி வந்து, ரோட்டோரத்தில் வைத்தே பைக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். நான் பிளேடை எடுத்தேன். அதற்குள் வழியில் போனவர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

நான் அடித்த கிளியர் சுருள் சுருளாக வந்தது. அடியில் கறுப்பு, அதற்கும் அடியில் நான் வைத்த பட்டி பொடியாக உதிர்ந்தது. அன்றைக்கு நான் பார்த்தது விரல் நீளக் கோடு. இப்போது சுரண்டச் சுரண்ட அது போய்க்கொண்டே இருந்தது. குழாயின் மூலையைத் தாண்டி அடிப்பக்கம் வரை போயிருந்தது. இரண்டு மாதத்தில் வளர்ந்ததா, அன்றைக்கே அவ்வளவு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"பளபளன்னு பூசி ஏமாத்தியிருக்கான் பாரு," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

நானா நிமிர்ந்தார். "பைக் என்ட கடையில இருந்து போனது. வித்தது நான். பளபளப்பப் பாத்துட்டு, சரியாத்தான் ஈக்கும் எண்டு மாட்டச் சொன்னதும் நான். சொல்றதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லுங்க."

புஷ்பா அந்தப் பேச்சு எதையும் காதில் வாங்கவில்லை. குந்தி உட்கார்ந்து, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, அது போன வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே நானா தன் சொந்த பைக்கைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார். நுவரெலியாவில் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் தேடி, நல்ல ஸ்விங் ஆர்ம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை என்னிடம் அனுப்பவா என்று நானா கேட்டதற்கு, "நானே எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார் புஷ்பா. அப்படியே வந்தார். சாக்கைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பழைய பெயிண்டை முழுக்க உரித்தேன். தேய்த்தேன். தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். இருவரும் அது காய்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எங்கேயும் ஈரம் நிற்கவில்லை. அவர் அதைத் தூக்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கம் பார்த்தார். நான் ப்ரைமர் டின்னை எடுத்தேன்.

"வேணாம்ணே. ஒண்ணும் பூச வேணாம்."

"பூசாம விட்டா நம்ம மழைக்கு ஒரு மாசத்துல துரு ஏறிடும் தங்கச்சி."

"ஏறுனா ஏறட்டும். நான் கண்ணால பாக்கணும். காலையில கேன் கட்டுறப்ப ஒரு தடவ பாத்துட்டுத்தான் இனி ஏறுவேன்."

அவர் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் துரு ஏறினால் விரிசலும் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"கலர் ஒண்ணும் இல்லாம கிளியர் மட்டும் அடிக்கட்டுமா? கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ள இருக்கிற இரும்பு அப்பிடியே தெரியும்."

"எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"வெறும் இரும்பு மேல கிளியர் சரியாப் பிடிக்காது. ஒரு வருஷம் நின்னா பெரிசு. அப்பறம் உரிச்சிட்டு மறுபடி அடிக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த ரோட்டில் பார்த்தது போலத்தான் பார்த்தார். "அப்ப வருஷா வருஷம் கொண்டாறேன். நீங்கதான் அடிக்கணும்."

இந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் போனது. நாலைந்து மாதம் எனக்கு வேலை மிகவும் குறைந்துவிட்டது. வந்தவர்களிடம் ஒரு நிபந்தனை சொன்னேன்: பெயிண்டை உரித்து இரும்பு தெரியும்போது கூப்பிடுவேன், நீங்கள் வந்து பார்க்க வேண்டும், பார்க்காமல் ப்ரைமர் போட மாட்டேன். டாங்கி அடிக்கிறவனுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று சிலர் சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். விற்பதற்காகப் பூசக் கொடுப்பவர்களில் நிஸாம் நானாவைத் தவிர வேறு யாரும் பிறகு என்னிடம் வரவில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்.

நான் செய்ததில் பெரிய பிழை எது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பட்டி வைத்து மூடியது சின்னப் பிழை இல்லை. ஆனால் அதற்கு மழையை, அவசரத்தை, எனக்குத் தெரியாமல் போனதை ஏதோ கொஞ்சம் சாக்குச் சொல்லலாம். அந்த மூன்று நாளுக்கு என்னிடம் ஒரு சாக்கும் இல்லை. அதில் ஒரு நாள்தான் புஷ்பா தன் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். உங்கள் கையாலும் ஒரு நாள் பிழை நடக்கும். நடக்காத ஆளை நான் பார்த்ததில்லை. அது தெரிந்த உடனே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அதை வழியில் யோசித்துக்கொள்ளலாம்.

புஷ்பா சொன்னபடி வருடா வருடம் வந்தார். நான் கடைசியாகச் செய்த வேலையும் அவருடைய ஸ்விங் ஆர்ம்தான். இனி என்னால் முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். தலவாக்கலைக்குக் கிட்ட இருப்பவர் யாராவது அதை எடுத்துக்கொள்ளுங்கள். மழை குறையும் மாதத்தில், பால் இறக்கிவிட்டு, பதினொரு மணிக்கு மேல் வருவார். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார். அதிகம் பேச மாட்டார். கறுப்பு அடித்தால் அழகாக இருக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். பழைய கிளியரை முழுக்க உரித்து, தண்ணீர் ஊற்றித் துடைத்து, அவர் கையில் கொடுங்கள். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். அவசரப்படுத்தாதீர்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு கன்னை எடுங்கள்.